சிறுநீரக நோயாளியின் சாப்பாட்டை மூன்று நாள் எழுதி வரச் சொல்வது எதற்கு?

அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியிருக்கிறது, ரத்தப் பரிசோதனை எடுக்கும்போது சாப்பாட்டு நோட்டு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். கோவைப் பக்கம் ஒரு டயாலிசிஸ் பிரிவில் டயட்டீஷியனாக இருக்கிறேன். நானும் எல்லோரையும் எழுதத்தான் சொல்கிறேன். பொட்டாசியம் கூடியிருப்பது ரிப்போர்ட்டில் தெரியும். இளநீரால் கூடியதா, கீரையாலா என்று அதில் இருக்காது.

ஒரு அம்மா ஒவ்வொரு தடவை டயாலிசிஸுக்கு வரும்போதும் மூன்று கிலோ எடை ஏறி வருவார், வெளியேறாமல் உடம்பில் தங்கிய நீர்தான் அது. "தண்ணியே குடிக்கறதில்ல கண்ணு" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. முந்தின நாளைக் காலையிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். இரண்டு வேளை காபி, இட்லி முங்கச் சாம்பார், மத்தியானம் டம்ளரில் ரசம், ராத்திரி மோர் சாதம். மாத்திரை ஏழு, ஒவ்வொன்றுக்கும் அரை டம்ளர் தண்ணீர். அந்த டம்ளரைக் கொண்டுவரச் சொல்லி அளந்தேன், 250 மில்லி. மாத்திரைக்கு மட்டுமே முக்கால் லிட்டருக்கு மேல் போயிருக்கிறது.

அதனால் முதலில் வீட்டு டம்ளர், கரண்டி, கிண்ணத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளில் டயாலிசிஸ் நாள் ஒன்று, வீட்டில் இருக்கும் நாள் ஒன்று, ஞாயிறு ஒன்று வரட்டும். ராத்திரி உட்கார்ந்து யோசித்து எழுதினால் பாதி விட்டுப்போகும், சாப்பிட்ட கையோடு எழுதுங்கள்.

உப்பைக் கேட்டால் எல்லோரும் "கம்மிதான்" என்பார்கள். புது உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். நான்கு பேர் வீட்டில் ஒரு கிலோ 30 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு நாளுக்கு எட்டு கிராமுக்கு மேல். இருக்க வேண்டியது ஐந்துக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு இதில் சேரவில்லை.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, குறைவாகச் சாப்பிடுகிறவர்களைப் பற்றித்தான். டயாலிசிஸுக்கு முன்னால் 'புரதத்தைக் குறைங்க' என்று சொன்னதையே பிடித்துக்கொண்டு முட்டை, மீனை இன்னும் தொடாமல் இருப்பார்கள். டயாலிசிஸ் தொடங்கியபின் உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தினமும் வேண்டும். 60 கிலோ ஆளுக்குக் குறைந்தது 60 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது. கஞ்சியும் ரொட்டியுமாக ஓட்டினால் உடம்பு தன் தசையையே கரைக்கும். நோட்டில் இதைப் பார்த்துவிட்டால் உடனே சரிசெய்யலாம்.

எழுதும்போது அப்பாவைத் திட்டாதீர்கள், மறைக்க ஆரம்பித்துவிடுவார். போகும்போது நோட்டோடு அவர் டம்ளரையும் எடுத்துப் போங்கள்.