ஒரே இடத்தில் ரத்தம் வந்தால் ரேஸரை மாற்றிப் பயனில்லை

மழமழப்பாகவும் மழிக்க வேண்டும், தோலையும் உறுத்தக் கூடாது, அப்படிப்பட்ட, ஒற்றைப் பிளேடு மாட்டும் சேஃப்டி ரேஸர் எது என்று கேட்டு நீங்கள் எழுதிய நீண்ட கடிதத்தில், என்னை நிறுத்தி வைத்த வரி ரேஸரைப் பற்றியதே இல்லை. இடது கிருதாவுக்குச் சற்றுக் கீழே ஓரிடத்தில் மட்டும், எந்த ரேஸரைப் போட்டாலும் பொட்டுப் போல ரத்தம் எட்டிப் பார்க்கிறது, ஐந்து மாதமாக இப்படித்தான், "வேறு ஒன்றும் இருக்காதே, டாக்டர்?" என்று கடைசிப் பக்கத்தில் பின்குறிப்பாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதத் தயங்கிய சொல்லை நானே எழுதிவிடுகிறேன்: தோல் புற்றுநோயாக இருக்குமோ என்பதுதான் உங்கள் அச்சம். 56 வயதில், பல ஆண்டுகள் வெயிலில் நின்று வேலை பார்த்த ஒருவருக்கு, ஐந்து மாதமாக ஆறாத ஒரு புள்ளி முகத்தில் இருந்தால் அந்தச் சந்தேகம் நியாயமானதே. அது புற்றுநோய்தான் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று கடிதத்தைப் படித்துவிட்டுச் சொல்லவும் மாட்டேன். இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரை நேரில் பாருங்கள். ரேஸரைப் பற்றிப் பிறகு பேசலாம்.

இவ்வளவு உறுதியாக நான் சொல்வதற்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. முதலில் பல பிளேடுகள் அடுக்கிய கார்ட்ரிட்ஜ் ரேஸர், பிறகு மிதமான சேஃப்டி ரேஸர், அதன்பின் கூடுதலாக வெட்டும் இன்னொன்று என்று மாற்றிப் பார்த்திருக்கிறீர்கள்; பிளேடையும் சோப்பையும்கூட மாற்றியிருக்கிறீர்கள். இத்தனையும் மாறிய பிறகும் மாறாமல் நிற்பது ரத்தம் வரும் இடம் ஒன்றுதான். ரேஸரின் குற்றமாக இருந்தால் காயம் இடம் மாறும்: இன்று தாடையில், நாளை மோவாயில், மறுநாள் குரல்வளை மேட்டில் என்று கை நடுங்கிய இடத்திலும் தோல் மடிந்த இடத்திலும் கீறல் விழும், சில நாட்களில் ஆறிப் போகும். தோலின் மேலடுக்கு ஏறக்குறைய ஒரு மாதத்தில் தன்னை முழுவதுமாகப் புதுப்பித்துக்கொள்கிறது. ஆகவே, ஒரே புள்ளி ஐந்து மாதமாகத் திரும்பத் திரும்பத் திறந்துகொள்கிறது என்றால், பிளேடு அங்கே ஒரு கோளாறை உண்டாக்கவில்லை, ஏற்கெனவே இருக்கும் ஏதோ ஒன்றின் மேல் தினமும் இடறுகிறது என்றுதான் பொருள்.

இப்படி மழிக்கும்போது தலைகாட்டுவதற்குப் பெயர்போனது பேசல் செல் கார்சினோமா என்னும் தோல் புற்று. மிகச் சிறியதாக, வலியில்லாமல், ஆறாத பரு போலவே அது இருக்கும். சன்னலோரம் நின்று, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி முகத்தைத் திருப்பி, விரலால் தோலை மெல்ல இழுத்துப் பிடித்தால், அதன் விளிம்பு முத்துப் போல் மினுங்குவதும், மேலே தலைமுடியைவிட மெல்லிய செந்நிற ரத்த நாளங்கள் ஓடுவதும் சில சமயம் தெரியும். நடுவில் சிறு பள்ளமும் அதன்மேல் ஒரு பொருக்கும் இருக்கலாம். நுரை பட்டதும் அந்தப் பொருக்கு ஊறி, பிளேடோடு சேர்ந்து வந்துவிடுகிறது. அதனால்தான் ஒவ்வொரு சவரத்திலும் ரத்தம். நம்மைப் போன்ற மாநிற, கருநிறத் தோலில் இவ்வகைப் புற்று வெண்ணிறத் தோலைவிட மிகவும் குறைவு. ஆனால் வரும்போது பெரும்பாலும் கருமையோ பழுப்போ ஏறி வருவதால், மச்சம் என்றோ மரு என்றோ ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். நான் இத்தனை விவரித்தேன் என்பதற்காகக் கண்ணாடி முன்னால் நின்று நீங்களே முடிவு கட்டிவிட வேண்டாம். அங்கே இருப்பது சாதாரண மருவாகவும், மேடான மச்சமாகவும், உள்நோக்கி வளர்ந்த மயிராகவும், தினமும் கீறுவதாலேயே ஆறாமல் நிற்கும் சின்னப் புண்ணாகவும் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இதே தொல்லை ஓரிரு வாரங்களாக மட்டும் இருக்கும் வாசகர்கள், அந்த இடத்தை மட்டும் மூன்று நான்கு வாரங்கள் மழிக்காமல் விட்டுப் பார்க்கலாம். முழுவதுமாக ஆறி, மறுபடி வராவிட்டால் கவலையை விட்டுவிடலாம். ஆனால், ஆறியது போலிருந்து அதே புள்ளி மீண்டும் உடைந்தால் அதை ஆறிய கணக்கில் சேர்க்கக் கூடாது. பொருக்குத் தட்டி, ஆறி, மறுபடி ரத்தம் கசிவது இந்தப் புற்றின் வழக்கமான நடத்தை. உங்களுக்கு அந்தக் காத்திருப்பும் தேவையில்லை. ஐந்து மாதம் ஏற்கெனவே காத்திருந்துவிட்டீர்கள்.

காத்திருந்த காலத்தில் நீங்கள் செய்த ஒரு காரியம் எனக்கு எரிச்சலூட்டியது என்பதை மறைக்க விரும்பவில்லை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பை ஆறு வாரம் தடவியதாக எழுதியிருக்கிறீர்கள். ஸ்டீராய்டு, பூஞ்சைக் கொல்லி, ஆன்டிபயாடிக் மூன்றையும் ஒன்றாகக் கலந்து விற்கும் இந்த வகைக் களிம்பை எந்த மருத்துவரும் 'என்னவென்று தெரியாத புண்' ஒன்றுக்கு எழுதித் தர மாட்டார். ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அடக்கி, புண்ணின் உண்மையான முகத்தை மாற்றிவிடுகிறது; முகத்தில் வாரக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் வெளியே தெரிய ஆரம்பித்து, லேசான உரசலுக்கே ரத்தம் கசியும். எந்த அறிகுறியைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்க வேண்டுமோ அதையே கலைத்துவிட்டு, என்ன நோய் என்று கேட்டால் மருத்துவர் என்ன செய்வார்? அந்தக் களிம்பை இன்றோடு நிறுத்துங்கள். குழாயைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை நாள் தடவினீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

அங்கே பெரிதாக ஒன்றும் நடந்துவிடாது. டெர்மாஸ்கோப் என்ற கைக்கருவியில் புள்ளியைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பார். சந்தேகம் தீராவிட்டால் மரத்துப்போகும் ஊசி போட்டு, மூன்று நான்கு மில்லிமீட்டர் அளவுக்குத் தோலை எடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார். 'கத்தி பட்டால் பரவிவிடும்' என்று உறவில் யாராவது பயமுறுத்துவார்கள். அதை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். பேசல் செல் கார்சினோமா உடலின் பிற உறுப்புகளுக்குப் பரவுவது மிக மிக அபூர்வம். அது செய்யும் கெடுதல் எல்லாம் இருக்கும் இடத்தையே மெல்ல அரித்துக்கொண்டு போவதுதான். சிறியதாக இருக்கும்போது எடுத்தால் சில தையல்களோடு முடிகிற வேலை, ஆண்டுகள் கழித்துக் காதையோ இமையையோ நெருங்கிய பின் எடுத்தால் பெரிய அறுவை ஆகிவிடும்.

நீங்கள் கேட்ட மற்றவற்றுக்கு இத்தனை பதில் தேவையில்லை. பிளேடு வெட்டிய காயம் புற்றுநோயாக மாறாது. தினமும் மழித்தால் மயிர் தடிப்பாக வளராது. 1928-லேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற உடற்கூற்றியலாளர் அளந்து பார்த்துச் சொல்லிவிட்ட விஷயம் இது, வெட்டிய முனை தட்டையாக இருப்பதால் முள் போலக் குத்துகிறது, அவ்வளவுதான். துரு டெட்டனஸை உண்டாக்குவதில்லை, மண்ணில் இருக்கும் கிருமியே உண்டாக்குகிறது. ஆனாலும் கடைசித் தடுப்பூசி போட்டுப் பத்து ஆண்டுகள் தாண்டியிருந்தால் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் உறையவில்லையோ என்று நீங்களாகவே போய் எடுத்த பரிசோதனைகள் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. அவை தேவையே இல்லை, ஏனென்றால் உறைதலில் கோளாறு இருந்தால் முகத்தின் ஒரு புள்ளியில் மட்டும் அது குடியிருக்காது. இணையத்தில் இரவு முழுக்கப் படங்களை ஒப்பிட்டுப் பார்த்ததாக எழுதியதற்குப் பதில் எழுத எனக்குப் பொறுமையில்லை.

இனி ரேஸர். ஒரு ரேஸர் மிதமானதா கடுமையானதா என்பதை அதன் விலையோ பளபளப்போ தீர்மானிப்பதில்லை. தலைப்பகுதியின் அமைப்பு தீர்மானிக்கிறது. பிளேடின் கூருக்கும் அடியிலுள்ள காப்புப் பட்டைக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒன்று, மேல் மூடியையும் காப்புப் பட்டையையும் தொட்டுச் செல்லும் கோட்டுக்கு வெளியே கூர் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது இன்னொன்று. தோலை உறுத்துவதில் இந்த நீட்டலுக்குத்தான் பங்கு அதிகம். மூன்றாவதாக ஒன்று உண்டு, அதைப் பலரும் கவனிப்பதில்லை: பிளேடின் தடிப்பு 0.1 மில்லிமீட்டர்தான் என்பதால், அதைக் கூருக்கு அருகிலேயே இறுக்கிப் பிடிக்காத ரேஸரில் தடித்த மயிரில் மோதும்போது பிளேடு அதிரும். மிதமானது என்று வாங்கிய ரேஸரிலும் எரிச்சல் வருகிறது என்றால் பல நேரம் இந்த அதிர்வே காரணமாக இருக்கும்.

உங்கள் கேள்வி மென்மையையும் திறனையும் எதிரெதிராக நிறுத்துகிறது. தோல் மருத்துவராகப் பார்த்தால் அவை அவ்வளவு எதிரிகள் இல்லை. மிக மிதமான ரேஸர் ஓர் இழுப்பில் பாதி மயிரை விட்டுவிட்டால், நீங்கள் அதே இடத்தில் இன்னும் மூன்று முறை இழுப்பீர்கள், நுரை வற்றிய பிறகும் இழுப்பீர்கள், பொறுமையிழந்து அழுத்தியும் இழுப்பீர்கள்; ஒவ்வோர் இழுப்பும் மயிரோடு தோலின் மேலடுக்கையும் கொஞ்சம் சுரண்டிக்கொண்டு போகிறது. ஆகவே, மயிர்வாக்கில் ஒரு சுற்று, குறுக்கே ஒரு சுற்று என்று இரண்டே சுற்றில் உங்களுக்குப் போதுமான அளவு மழித்துவிடுகிற ரேஸர்களுக்குள் மிகவும் மிதமானது எதுவோ, அதுதான் உங்களுக்கான ரேஸர். தினமும் மழிப்பவருக்கு அது மிதமான பக்கம் சாய்ந்திருக்கும். மூன்று நாளைக்கு ஒருமுறை மழிப்பவருக்குச் சற்று அகன்ற இடைவெளி வேண்டியிருக்கும். முடிவுக்கு வர முடியாவிட்டால், இடைவெளியைத் திருகி மாற்றிக்கொள்ளும் வகையை வாங்கி, குறைந்த அளவில் தொடங்கி ஒவ்வொரு படியையும் ஒரு வாரமாவது வைத்துப் பாருங்கள். நீங்கள் செய்ததைப் போல ரேஸர், பிளேடு, சோப்பு மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது நன்மை செய்தது என்று யாருக்கும் தெரியாது. வயது ஏற ஏறத் தாடைக்குக் கீழே தோல் தளர்ந்து இடைவெளிக்குள் மடிந்து புகும் என்பதால், இளைஞர்கள் பாராட்டும் கடுமையான ரேஸரை உங்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கைப்பழக்கமும் இதில் பாதி. ரேஸரின் எடையே வெட்டட்டும், நீங்கள் அழுத்த வேண்டாம். பிளேடு தோலோடு ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் போகும்படி கைப்பிடியைப் பிடியுங்கள். வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறிய மயிர் மிக எளிதாக வெட்டுப்படும். பிளேடை ஐந்தாறு சவரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள்: மயிர் எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது என்றாலும், அது மோதி மோதியே கூர்முனை நுண்ணிய அளவில் சில்லுச் சில்லாக உடைகிறது என்பதை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020-இல் நுண்ணோக்கியில் காட்டியிருக்கிறார்கள். ரேஸரை மகனோடுகூடப் பகிர்ந்துகொள்ளக் கூடாது. ஹெப்படைட்டிஸ் பி கிருமி உலர்ந்த ரத்தத்தில் ஒரு வாரம்வரை உயிரோடு இருக்கும்.

கழுத்தில் வரும் சிவந்த கொப்புளங்கள் உங்கள் முதல் ரேஸர் விட்டுச்சென்றவை. அடுக்குப் பிளேடுகளில் முன்னது மயிரை இழுத்துப் பிடிக்க, பின்னது தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட முனை வளரும்போது வெளியே வர வழியில்லாமல் பக்கத்துத் தோலையே குத்துகிறது. சுருள் மயிர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். ஒற்றைப் பிளேடு ரேஸரில் இது குறையும், ஆனால் கழுத்தில் எதிர்வாக்கில் மழிப்பதை நீங்கள் கைவிட்டால்தான். கழுத்து மயிர் பலருக்கு மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் வளர்வதால், இரண்டு நாள் வளர்ந்த தாடியை விரலால் நான்கு திசையிலும் தடவி, எந்தத் திசையில் வழவழப்பாக இருக்கிறதோ அந்தத் திசையிலேயே ரேஸரை நகர்த்துங்கள். கொப்புளத்தில் சீழோ வலியோ வந்தால் அது வேறு கதை, அப்போது மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருத்துவரைப் பார்க்கும் நாள் வரைக்கும் கிருதாவுக்குக் கீழே உள்ள அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு மழிக்காமல் விட்டுவிடுங்கள். படிகாரம், ஆஃப்டர் ஷேவ், மஞ்சள், களிம்பு எதுவும் அதன்மேல் வேண்டாம். பொருக்கை நகத்தால் கிள்ளாதீர்கள். அது இருக்கிறபடியே மருத்துவர் கண்ணில் பட வேண்டும்.