மாமனாருக்கு 80 விழுக்காடு அடைப்பு: ஸ்டென்ட் உடனே வைக்க வேண்டுமா?

மாமனாரின் இருதய இரத்தக் குழாயில் 80 விழுக்காடு அடைப்பு, அதைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்டை இந்த வாரமே வைக்கச் சொல்கிறார் ஒரு மருத்துவர், இன்னொருவர் மாத்திரை போதும் என்கிறார், ஸ்டென்டால் பயனில்லை என்று ஆய்வே வந்துவிட்டதாமே என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் உங்களைப் போல மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம்தான். தோட்ட மருந்தகத்தில் டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இருதய நிபுணன் அல்லன். என் அண்ணனுக்கு இதே நிலை வந்தபோது இந்த ஆய்வுகளைத் தேடிப் படித்தேன்.

மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது, அடைத்த குழாயைப் பலூனால் விரித்து ஸ்டென்ட் வைக்கும் பலூன் சிகிச்சை உயிரைக் காக்கிறது. அதில் சர்ச்சையே இல்லை. அதைச் செய்யும் வசதி தொலைவில் இருந்தால் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை முதலில் கொடுத்துவிட்டு அனுப்புவார்கள். அதுவும் முறையான சிகிச்சைதான். நெஞ்சு இறுகி வியர்த்துக் கொட்டும்போது வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் 999ஐ அழையுங்கள்.

உங்கள் மாமனாரின் கதை வேறு. செம்பனைக் காட்டு மேட்டில் சைக்கிள் மிதித்தால் வலிக்கிறது, இறங்கி நின்றால் போய்விடுகிறது, மாதக்கணக்கில் அப்படியே இருக்கிறது என்கிறீர்கள். இத்தகையவர்களிடம்தான் ஆய்வாளர்கள் மீண்டும் மீண்டும் சோதித்தார்கள். 2007இல் வெளிவந்த கரேஜ் ஆய்வில் 2,287 பேர். 2020இல் வெளிவந்த இஸ்கீமியா ஆய்வில் 37 நாடுகளிலிருந்து 5,179 பேர். நல்ல மருந்துகளோடு ஸ்டென்டும் வைத்தவர்கள் மருந்து மட்டும் எடுத்தவர்களைவிடக் கூடுதல் காலம் வாழவில்லை. இஸ்கீமியாவில் சிலருக்கு, அடைப்பைத் தாண்டி இரத்தம் ஓட மாற்றுக் குழாய் பொருத்தும் பைபாஸ் அறுவையும் செய்தார்கள். அப்போதும் அதே முடிவுதான். காரணம், மாரடைப்பைக் கொண்டுவருவது பெரும்பாலும் படத்தில் பெரிதாகத் தெரியும் அடைப்பு அன்று. வேறெங்கோ சிறிதாக இருக்கும் கொழுப்புப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைவதுதான். ஸ்டென்ட் ஓரிடத்தைத் திறக்கிறது. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையோ எல்லா இடத்திலும் வேலை செய்கிறது.

அப்படியானால் ஸ்டென்ட் எதற்கு? வலிக்கு. அதையும் சந்தேகித்து, 2017இல் பிரிட்டனில் ஆர்பிட்டா என்ற ஆய்வில் 200 பேருக்கு மயக்க மருந்து கொடுத்து, காதில் இசையை ஒலிக்கவிட்டு, பாதிப் பேருக்கு மட்டும் ஸ்டென்ட் வைத்தார்கள். யாருக்கு வைத்தது என்று நோயாளிக்கும் தெரியாது. ஆறு வாரம் கழித்து நடைப் பட்டையில் ஏற்றிப் பார்த்தால் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இதைப் பிடித்துக்கொண்டுதான் ‘பயனில்லை’ என்ற செய்தி பரவியது. ஆனால் அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே நெஞ்சு வலி வராமல் தடுக்கும் இருதய மாத்திரைகளை நன்றாகவே எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2023இல் அதே குழு, அந்த மாத்திரைகளை நிறுத்திவிட்டு 301 பேரிடம் திரும்பச் சோதித்தபோது, ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வலி உண்மையாகவே குறைந்தது. என்றாலும் அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு வலி முற்றிலும் நீங்கவில்லை. இந்த இரண்டாம் பாதியை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை.

ஆகவே மாமனார் மாத்திரைகளை ஒழுங்காக எடுத்தும் வலி தோட்ட வேலையைக் கெடுக்கிறதா என்று பாருங்கள். கெடுத்தால் ஸ்டென்ட் நியாயமான வழி. வலி அடங்கிவிட்டதென்றால், இ.பி.எஃப். என்ற ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஓட வேண்டிய அவசரம் எனக்குத் தெரியவில்லை. என் அண்ணன் மாத்திரையோடு இருக்கிறார். இன்றும் காலையில் பசியாறக் கடைத்தெருவுக்கு நடந்துதான் போகிறார்.

அதற்குமுன் மருத்துவரிடம் இவற்றைக் கேட்டுவிடுங்கள். அடைப்பு இருதயத்தின் இடப்பக்க முதன்மை இரத்தக் குழாயிலா? இருதயத்தின் இறைக்கும் திறன் குறைந்திருக்கிறதா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றால் நான் மேலே சொன்னது பொருந்தாது. அத்தகையவர்களை இஸ்கீமியா ஆய்வில் சேர்க்கவே இல்லை. இனிப்பு நீரும் (நீரிழிவு) இருந்து பல குழாய்களில் அடைப்பும் இருந்தால் பைபாஸைப் பற்றிக் கேளுங்கள். 2012இல் ஃப்ரீடம் ஆய்வில் அத்தகைய 1,900 பேரிடம் ஸ்டென்டைவிட அதுவே மேலாக இருந்தது.

ஸ்டென்ட் வைத்துவிட்டால் இரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோடு தரும் இரண்டாவது மாத்திரையைப் பல் பிடுங்குவதற்காகக்கூட இருதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த விடாதீர்கள். ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் உறைந்துவிடக்கூடும்.