முதலில் மாத்திரைக் கணக்கைப் பார்ப்போம்

கேள்வி: சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம் என் ஊர். வயது 34. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஆறு வருடத்துக்கு முன் இரட்சிக்கப்பட்டு ஞானஸ்நானம் எடுத்தேன். மனைவியும் விசுவாசி. பெற்றோர், தங்கச்சி எல்லோரும் இந்துக்கள். அப்பா 14 மாதமாகப் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். நான் ஒரே மகன். "கொள்ளி வைக்க வருவியா, மாட்டியா?" என்று அம்மா போனில் கேட்டு அழுகிறாள். 'மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம் பண்ணட்டும்' என்ற வசனத்தைப் பாஸ்டர் காட்டினார். கொள்ளி வைத்தால் நான் கிறிஸ்துவை மறுதலித்தவன் ஆவேனா? மற்றபடி குடும்பத்தில் பிரச்சினை எதுவும் இல்லை. அப்பாவின் மாத்திரை, டயப்பர் செலவு மாதம் 1,800 ரூபாயைத் தங்கச்சி பீடி சுற்றிப் பார்த்துக்கொள்கிறாள். என் சம்பளம் 24,000. தசமபாகம் 2,400 போக, வாடகைக்கும் பிள்ளைகள் பீஸுக்கும்தான் சரியாக இருக்கிறது.

பதில்:

தம்பி, கொள்ளிக் கேள்வி இந்தப் பகுதிக்கு வராத மாதம் கிடையாது. அதற்குப் பதில் இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் 'மற்றபடி பிரச்சினை எதுவும் இல்லை' என்று எழுதினீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

பதினாலு மாதம். மாதம் 1,800 வீதம் 25,200 ரூபாய். அதில் உங்கள் பங்கு ஒரு ரூபாய்கூட இல்லை. அதே 14 மாதத்தில் நீங்கள் சபைக்குக் கொடுத்தது 33,600. இதைப் பிரச்சினை இல்லை என்று எப்படி எழுதினீர்கள்? உங்கள் தங்கச்சி வாய் திறந்து கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பீடிக்கூலி எப்படி வருகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இலையை ஊறவைத்து, அளவு வைத்துக் கத்தரித்து, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, நுனியை மடக்க வேண்டும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. கம்பெனியில் கழித்துப் போட்டால் அந்த உழைப்பு வீண். மடியில் சுளகை வைத்துக் குனிந்த கழுத்து நிமிராமல் அவள் ஒரு வாரத்துக்கு மேல் சுற்றினால்தான் அந்த 1,800 தேறும். புகையிலைத் தூள் அவள் தொண்டையில் இறங்குகிறது, மாத்திரை உங்கள் அப்பா தொண்டையில் இறங்குகிறது. அவளுக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது.

பாஸ்டர் ஒரு வசனம் காட்டினார் அல்லவா? நான் இன்னொன்றைக் காட்டுகிறேன். மாற்கு 7-ஆம் அதிகாரம், 9 முதல் 13 வரை எடுத்து வாசியுங்கள். தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதை 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டவர்களை இயேசு கண்டித்த இடம் அது. உங்கள் பாரம்பரியத்தினால் தேவ வசனத்தையே அவமாக்குகிறீர்கள் என்றார். வெந்தயத்திலும் சீரகத்திலும்கூடத் தசமபாகம் அளந்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டவர்களை அவர் சாடியது மத்தேயு 23:23-ல் இருக்கிறது. அப்போஸ்தலர் பவுல் இன்னும் கடுமை. வீட்டாரை விசாரிக்காதவன் விசுவாசத்தை மறுதலித்தவன், 'அவிசுவாசியிலும் கெட்டவன்' என்கிறார் (1 தீமோத்தேயு 5:8). மறுதலித்தவன் ஆவேனா என்று கேட்டீர்கள். அந்தச் சொல்லை வேதம் எங்கே வைத்திருக்கிறது என்று பாருங்கள். சுடுகாட்டில் இல்லை, மாத்திரைச் சீட்டில் இருக்கிறது.

தசமபாகத்தை நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டும் முடிந்தால் இரண்டையும் செய்யுங்கள். முடியாதென்றால் மாத்திரை முதலில், காணிக்கை மிச்சத்தில். சம்பளம் ஏறிய அன்றைக்கே 1,800 தங்கச்சி கணக்குக்குப் போய்விட வேண்டும். பத்தாம் தேதி பார்க்கலாம் என்றால் அது போகவே போகாது. பழைய 25,200 அவளுக்கு நீங்கள் பட்ட கடன். தீபாவளி போனஸில் பாதி, அடுத்த ஆறு மாதத்தில் மீதி என்று அடைத்துவிடுங்கள். பாஸ்டரிடம் ஒளிக்க வேண்டாம். "இந்த மாசத்திலிருந்து அப்பா மருந்துக்குப் போக மீதிதான் கொடுக்க முடியும்" என்று நேரில் சொல்லுங்கள். நல்ல மேய்ப்பர் என்றால் ஜெபம் பண்ணி அனுப்புவார். முகம் சுளித்தால் அதே மாற்கு 7-ஐ அவர் முன்னால் திறந்து வையுங்கள்.

தங்கச்சியிடம் இன்னொன்றும் கேளுங்கள்: 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீட்டுக்கு வருகிறார்களா? 2021-ல் தொடங்கிய அரசுத் திட்டம். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள், படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறைப் பயிற்சியும் உண்டு. வரவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள். எல்லா மருந்தும் அதில் கிடைத்துவிடாது. பக்கவாதம் வந்தவருக்கு ரத்த அழுத்த மாத்திரையும் ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரையும் இடையில் நின்றால் இன்னொரு அடைப்பு வரும் ஆபத்து உண்டு. காசு இல்லாத வாரத்தில் அவள் எதை விட்டுவிடுகிறாள் என்றும் கேளுங்கள்.

சட்டமும் மதம் பார்ப்பதில்லை. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் எல்லா மதத்தாருக்கும் பொது. உங்கள் அம்மா கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால் மாதாமாதம் கட்ட உத்தரவு போடலாம். அவள் கொடுக்க மாட்டாள். அதை நம்பித்தானே இவ்வளவு நாள் இருந்திருக்கிறீர்கள்?

இனிக் கொள்ளி. மத்தேயு 8-ல், பாஸ்டர் காட்டிய அந்த வசனத்தை இயேசுவின் வாயிலிருந்து கேட்டவனின் தகப்பன் அப்போது செத்தே போயிருக்கவில்லை, 'அவர் காலம் முடியட்டும், பிறகு வருகிறேன்' என்று தவணை கேட்டான் என்பது விளக்கவுரையாளர் பலரின் கருத்து. நீங்களும் தவணைதான் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள், உயிரோடு இருக்கும் அப்பாவிடம். தகப்பன் யாக்கோபு எகிப்தில் இறந்தபோது மகன் யோசேப்பு எகிப்திய வைத்தியர்களைக் கொண்டு, உடல் கெடாமலிருக்க 40 நாள் சுகந்தவர்க்கமிட்டான். எகிப்தியர் 70 நாள் துக்கம் கொண்டாடினார்கள். அந்நிய முறை என்று யோசேப்பு ஒதுங்கி நிற்கவில்லை. இஸ்ரவேலின் தேவனை ஏற்றுக்கொண்ட சீரியப் படைத்தலைவன் நாகமான் கதையும் உங்களுக்குத் தெரியும். தன் எஜமான் ரிம்மோன் கோவிலில் தன் கையைப் பிடித்துக்கொண்டு பணியும்போது தானும் பணிய வேண்டியிருக்கிறதே என்று தீர்க்கதரிசி எலிசாவிடம் மன்னிப்புக் கேட்டான். "சமாதானத்தோடே போ" என்றார் எலிசா.

என் முடிவு இதுதான்: கொள்ளி வையுங்கள். பெற்றவரின் உடலுக்குத் தீ வைப்பது எந்தத் தெய்வத்துக்கும் செய்யும் ஆராதனை அல்ல. தகனத்தை நெடுங்காலம் தடுத்துவந்த கத்தோலிக்கத் திருச்சபையே 1963-ல் அதை அனுமதித்தது. நீர்மாலைக்கு, அதாவது உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவர, கூடப் போவது, குளிப்பாட்டுவது, கோடி போடுவது, பாடை தூக்குவது, மொட்டை போடுவது, குடம் உடைப்பது எல்லாம் மகன் செய்யும் கடமை. உங்கள் மனச்சாட்சி இடறுவது பிண்டத்திலும் ஓமத்திலும் பதினாறாம் நாள் பூசையிலும்தான். அதைப் பெரியப்பா மகனோ தங்கச்சி மகனோ செய்யட்டும்.

இதை இப்போதே பேசி முடிக்க வேண்டும். சாவு வீட்டில் முடிவெடுக்கலாம் என்று விடுகிறவர்கள்தான் கெடுத்துக்கொள்கிறார்கள். நூறு பேர் நிற்க, யாரோ குடத்தைத் தோளில் தூக்கி வைக்க, இவர் உதற, சித்தப்பா கை ஓங்க, ஊர் இரண்டாகிவிடும். முதலில் அம்மாவிடம், பிறகு பங்காளிகளில் மூத்தவரிடம் போய் உட்காருங்கள். "சித்தப்பா, திருநீறும் பூசையும் மட்டும் எனக்கு வேண்டாம். மத்ததெல்லாம் நானே பாத்துக்கிடுதேன், முன்னால நிப்பேன்" என்று சொல்லிவிடுங்கள். நாலு வசவு விழும், வாங்கிக்கொள்ளுங்கள். சபையாரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள்: துக்கத்துக்கு வாருங்கள், அம்மா கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆனால் அவள் கேட்காமல் உடல் பக்கத்தில் பாட்டும் பிரசங்கமும் கூடாது. இழவு வீட்டில் ஆள் சேர்க்க நினைப்பது அன்பில்லாத காரியம். வீட்டில் உயிர் பிரிந்தால் பார்த்துவந்த டாக்டரிடம் இறப்புக் காரணச் சான்று வாங்கி 21 நாளுக்குள் பதிய வேண்டும். அந்த அலைச்சலையும் தங்கச்சி தலையில் போடாதீர்கள்.

இதெல்லாம் பிறகு. வருகிற சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுங்கள். ஞாயிறு ஆராதனை ஒரு வாரம் உங்கள் இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு நடக்கட்டும். அப்பாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். இடுப்புக்குக் கீழேயும் குதிகாலிலும் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள், புண் அங்கேதான் தொடங்கும். கஞ்சி கொடுக்கும்போது நிமிர்த்தி உட்காரவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், படுத்தவாக்கில் கொடுத்தால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். சவரம் செய்துவிடுங்கள். அன்றைக்கு ஒரு நாளாவது உங்கள் தங்கச்சி பகலில் தூங்கட்டும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மா வீட்டுக்குப் போகும் முன் அவள் வீட்டுக்குப் போய், முதல் 1,800 ரூபாயை அவள் கையில் கொடுங்கள்.