ப்ராஜெக்ட், பாஹா, சீட் தேர்வு: கேளுங்க, சொல்றேன்

மெக்கானிக்கல் படிச்சேன், காலேஜ்ல பாஹா போட்டிக்கு (கரடுமுரடான பாதையில ஓடுற வண்டியை மாணவர்களே கட்டி ஓட்டுற போட்டி) வண்டி கட்டினேன், அப்புறம் எம்.டெஸ்., அதாவது டிசைன்ல முதுகலை. இப்போ பம்ப் வடிவமைக்கிற வேலை. வந்த கேள்விகள்ல சிலதுக்கு இங்கே பதில்.

அக்கா, எங்க ப்ராஜெக்ட் தானியங்கி சொட்டுநீர்ப் பாசனம். மண்ல குத்தின ஈர சென்சார் ரெண்டு வாரத்துல அரிச்சுப்போய், காஞ்ச மண்ணா ஈர மண்ணான்னே தெரியாம தப்பாக் காட்டுது. பத்து நாள்ல வைவா (வாய்மொழித் தேர்வு). புதுசு ஒண்ணு மாட்டி மறைச்சிடலாமா? (இ.சி.இ., ஈரோடு)

மறைக்காதீங்க தம்பி, உங்க ப்ராஜெக்ட்ல உருப்படியான விஷயமே அதுதான். ரெண்டு கம்பிக்கு நடுவுல நாள் முழுக்க டிசி ஓடினா மின்னாற்பகுப்பு நடந்து, நேர்முனைக் கம்பி கரைஞ்சு மண்ணோட போயிடும். சென்சாரோட பவர் ஒயரை 5 வோல்ட்ல இருந்து எடுத்து ஆர்டுயினோவோட (சென்சாரைப் படிக்கிற சின்ன கன்ட்ரோலர் போர்டு) ஒரு டிஜிட்டல் பின்ல கொடுங்க. அரை மணிக்கு ஒருமுறை ஆன் பண்ணி, அளந்துட்டு, ஆஃப். இன்னும் நல்லா வேணும்னா கெப்பாசிட்டிவ் வகை. அதுல உலோகம் மண்ணைத் தொடாது.

இன்னொண்ணு. ஆர்டுயினோ ஊனோ போர்டு காட்டுற 0 முதல் 1023 வரையான எண் ஈரம் கிடையாது. மண்ணை எடை போட்டு, 105 டிகிரி அடுப்புல ஒரு நாள் காயவெச்சு, திரும்ப எடை போடுங்க. குறைஞ்ச எடையைக் காஞ்ச எடையால வகுத்தா நிஜமான ஈரப்பதம். ஆறு மாதிரிக்குச் செஞ்சு சென்சார் எண்ணோட சேர்த்து கிராஃப் போடுங்க. சிவில் துறை சாயில் லேப்ல அந்த அடுப்பு இருக்கும், லேப் அண்ணன்கிட்ட பணிவா கேளுங்க. வைவா மேசையில அரிச்ச சென்சாரையும் வைங்க.

ரெடிமேட் ப்ராஜெக்ட் வாங்கினா என்ன தப்பு? எல்லாரும் வாங்குறாங்களே. (சி.எஸ்.இ., மதுரை)

"இந்த வரியை எடுத்துட்டா என்ன ஆகும்?"னு இன்டர்வியூல ஒருத்தர் கேட்பார். நீங்க எழுதாத கோடுன்னா பதில் வராது. அவ்வளவுதான்.

பாஹா வண்டிக்கு குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த ஸ்டீல்) குழாய் போட்டா சேசிஸ் வளையாதுன்னு சீனியர் சொல்றார். நிஜமா? (மெக்கானிக்கல், கோவை)

பாதி நிஜம். எனக்கும் என் சீனியர் இதையேதான் சொன்னார். எந்த ஸ்டீலா இருந்தாலும் யங்ஸ் மாடுலஸ் (பொருளோட விறைப்பைச் சொல்ற எண்) கிட்டத்தட்ட ஒண்ணுதான், 205 கிகாபாஸ்கல். குரோமோலி தர்றது வலிமை, விறைப்பு இல்ல. விறைப்பு குழாயோட வடிவத்துல இருந்து வரும். பாஹா விதியில இருக்கிற 25 மி.மீ. விட்டம், 3 மி.மீ. கனம் குழாய்க்கு ஐ மதிப்பு (வடிவத்தால வர்ற விறைப்பைச் சொல்ற எண்) சுமார் 12,780 மி.மீ.⁴. அதையே 29.2 விட்டம், 1.65 கனமா மாத்தினா சுமார் 13,600. விறைப்பு கொஞ்சம் கூடுது, எடை கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு குறையுது! ஆனா மெல்லிசுக் குழாயை வெல்டு பண்றப்ப ஓட்டை விழும். எங்க டீம்ல முதல் நாலு ஜாயிண்டும் ஓட்டை. தனியா துண்டு வெச்சுப் பழகி, அறுத்துப் பார்த்துட்டு அப்புறம் வண்டியில கை வைங்க. என் முதல் இன்டர்வியூ முக்கால் மணி நேரம் இந்தக் குழாயைப் பத்தியேதான் போச்சு.

டிசைன் படிக்க ஆசை. ஆனா எனக்கு வரையவே வராது. கேட் (GATE, இன்ஜினியரிங் முதுகலைக்கான தேர்வு) எழுதவா, சீட் (CEED, டிசைன் முதுகலைக்கான தேர்வு) எழுதவா? (மெக்கானிக்கல், திருச்சி)

டிசைன்னா சீட்தாம்மா. ஐஐடி பம்பாய் நடத்துறது, எந்தத் துறைப் பட்டமும் போதும், வயசு வரம்பு இல்ல. பார்ட் ஏ கம்ப்யூட்டர்ல, பார்ட் பி பேப்பர்ல கையால. இறுதி மதிப்பெண்ல பி-க்கு 75 சதவீதம், அதனால வரையாம தப்பிக்க முடியாது. ஆனா அவங்க எதிர்பார்க்கிறது ஓவியம் இல்ல, யோசனை புரியற மாதிரி கோடு. தினமும் வீட்டுப் பொருள் ஒண்ணை மூணு கோணத்துல வரைங்க. நான் மிக்ஸி ஜாரையே நூறு தடவை வரைஞ்சிருப்பேன். கேட் ஸ்கோர் மூணு வருஷம் செல்லும், சீட் ஒரே வருஷம்தான். அகமதாபாத் என்ஐடிக்கு (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) சீட் உதவாது, அதுக்குத் தனித் தேர்வு.

மூணு நாள்ல உங்க ஆராய்ச்சிப் பேப்பரை ஜர்னல்ல போட்டுத் தர்றோம், பணம் கட்டுங்கன்னு மெயில் வருது. ரெஸ்யூமேக்கு உதவுமா? (இ.இ.இ., சேலம்)

மூணு நாள்ல யார் உங்க பேப்பரைப் படிச்சிருப்பாங்க? அந்தப் பணத்துல ஒரு நல்ல மல்டிமீட்டர் வாங்குங்க.