முதல் எபிசோடை நம்பலாமா?

கேள்வி: இப்போது ஓடிக்கொண்டிருக்கும் அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடர்களில், முதல் எபிசோடை மட்டும் பார்த்துவிட்டு எதைத் தொடரலாம், எதை விடலாம் என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

நான் முடிவு செய்வதில்லை. இரண்டாவது வரும்வரை வாயையும் திறப்பதில்லை.

இங்கே பினாங்கில் புதிதாக ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை திறந்தால், முதல் வாரம் முதலாளியே அடுப்படியில் நிற்பார். மீன் குழம்பு பிரமாதமாக இருக்கும். அடுத்த மாதம் போய்ப் பாருங்கள், கரண்டி இப்போது யார் கையில் என்று நாக்கே சொல்லிவிடும். அனிமேயிலும் இதே கதைதான். முதல் எபிசோடின் ஸ்டோரிபோர்டை, அதாவது காட்சிகளை வரிசையாக வரைந்து காட்டும் திட்டத்தை, பெரும்பாலும் தொடரின் இயக்குநரே வரைவார். அப்புறம் வாரம் ஒன்று என்று ஒளிபரப்பு துரத்த ஆரம்பித்ததும் வேலை பல கைகளுக்குப் போய்விடும். அதனால் முதல் எபிசோடில் சண்டைக் காட்சி பளபளப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டாவதில் நாலு பேர் சும்மா உட்கார்ந்து சாப்பிடும் காட்சி வரும் பாருங்கள், அதைத்தான் கவனிப்பேன். பேசாமல் இருப்பவன் முகத்திலும் உயிர் இருந்தால் தொடர்வேன்.

என் தம்பிக்கு இந்தப் பொறுமை கிடையாது. பல தொடர்களில் வருகிற மாதிரி நாயகன் மேல் லாரி மோதி, அவன் வேறு உலகத்தில் கண் விழித்தால் போதும், "இன்னொரு லாரியாண்ணே?" என்று மூடிவிடுவான். பாதி நேரம் அவன் கணிப்பு சரிதான், அதுதான் எரிச்சல்.

முதல் எபிசோடுக்கு வழக்கமான 24 நிமிடம் பத்தாது என்று ஜப்பான்காரர்களுக்கே சில சமயம் தோன்றும்போல. 2023 ஏப்ரலில் 'ஓஷி நோ கோ' முதல் எபிசோடை 90 நிமிடத்துக்கு எடுத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று 'ஃப்ரீரன்' முதல் நான்கு எபிசோடும் சேர்ந்து இரண்டு மணி நேரமாக, நிப்பான் டிவியின் வெள்ளிக்கிழமைத் திரைப்பட நேரத்தில் வந்தது. அந்தக் கதைக்கு அது தேவைதான். அரக்க மன்னனைக் கொன்று வீரர்கள் ஊர் திரும்புவதில் ஆரம்பிக்கிறது. மற்ற கதைகள் முடிகிற இடம் அது. 50 வருடம் ஓடுகிறது. கூட வந்த வீரர் கிழவராகிச் சாகிறார். ஆயிரம் வருடத்துக்கு மேல் வாழ்ந்தும் மாறாத ஃப்ரீரன் என்ற எல்ஃப் பெண் (எல்ஃப் என்றால் கதைகளில் வரும் நீண்ட ஆயுள் கொண்ட இனம்), அவரைத் தெரிந்துகொள்ளவே முயலவில்லையே என்று அப்போதுதான் அழுகிறாள். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்திவிட்டு, "போனப்புறந்தான் தெரியுதா அந்தப் பிள்ளைக்கு?" என்றார். அன்றைக்குத் துணி மடித்து முடியவில்லை.

என் இரண்டு எபிசோட் கணக்கும் தவறியதுண்டு. 2011 ஜனவரியில் தொடங்கிய 'மடோகா மாஜிகா' தன் உண்மை முகத்தை மூன்றாவதில்தான் காட்டியது. என்ன நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். மூன்று பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்று ரசிகர்கள் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று. ஜப்பான் ஒளிபரப்பு அட்டவணையில் 25:00 என்று போட்டிருந்தால் மிரளாதீர்கள். அது அங்கே மறுநாள் அதிகாலை 1 மணி, இங்கே மலேசியாவில் நமக்கு நள்ளிரவு 12. சுடச்சுடப் பார்க்கிறேன் என்று அந்நேரத்தில் உட்கார்ந்து, பாதித் தூக்கத்தில் "மொக்கை" என்று நான் தள்ளிவிட்டவை எத்தனையோ. இப்போதெல்லாம் ஞாயிறு காலை பசியாறிவிட்டுத்தான் பார்க்கிறேன்.

தம்பி போன மாதம் மூடிய லாரித் தொடர் ஒன்றை எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஐந்தாவது எபிசோட் வரை போயிருக்கிறான்.