சாவி யாரிட்ட, உறுதி யாரிட்ட? – வாசகர் சட்டக் கேள்விகள்

கேள்வி: அப்பா அம்மா 2009ல கனடா போகேக்க தெஹிவளை வீட்டை அப்பான்ர ஒண்டுவிட்ட தம்பியிட்ட குடுத்திட்டுப் போனவை. வாடகை ஒண்டும் இல்ல, எழுத்தும் இல்ல, சொந்தக்காரர் எண்டபடியா "வீட்டைப் பாத்துக்கொண்டு இருங்கோ" எண்ட வாய்ப்பேச்சுதான். இப்ப விக்கப் போறம் எண்டு சொன்னா சித்தப்பா எழும்பமாட்டாராம். வீட்டுக்கான சோலை வரி அவர்தான் கட்டுறார், கரண்ட் பில்லையும் தன்ர பேருக்கு மாத்திப்போட்டார், பத்து வருஷம் தாண்டினா வீடு இருக்கிறவனுக்குத்தானாம். வீட்டு உறுதிப்பத்திரம் அப்பா பேரில இருக்கு. வீடு போயிட்டுதா சேர்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: போகேல்ல தங்கச்சி. ஆனா இன்னும் நாலைஞ்சு வருஷம் சும்மா இருந்தா என்ன ஆகும் எண்டு என்னட்டக் கேக்கக்கூடாது.

இந்தப் பத்து வருஷக் கதை கொழும்பில கல்யாண வீட்டிலயும் சலூன்லயும் அடிபடுற கதை, ஆனா பாதிதான் உண்மை. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க காலவிதிப்புச் சட்டம், எங்கட ஆக்கள் ப்ரிஸ்கிரிப்ஷன் எண்டுவினம், அதின்ர 3ஆம் பிரிவில பத்து வருஷம் எண்டு இருக்கிறது சரி. அந்தப் பத்து வருஷமும் எப்பிடி இருந்திருக்க வேணும் எண்டும் அதிலயே இருக்கு, அதைத்தான் ஒருத்தரும் சொல்லுறேல்ல. தடையில்லாம, இடையில விட்டுப்போகாம, சொந்தக்காரற்ற உரிமைக்கு எதிரா, அல்லது அதில தங்கியிராம இருந்திருக்க வேணும். வாடகை குடுத்தாலோ, வேற ஒருத்தர்தான் சொந்தக்காரர் எண்டு ஒத்துக்கொண்ட மாதிரி எதாவது செய்தாலோ அந்த ஆட்சி, அதாவது காணியைக் கையில வச்சிருக்கிறது, எதிரான ஆட்சி இல்ல.

உங்கட சித்தப்பா எப்பிடி உள்ளுக்க வந்தவர்? அப்பா சாவி குடுத்து வந்தவர். அனுமதியில வந்தவர் பத்து இல்ல, இருபது வருஷம் இருந்தாலும் அனுமதியில இருக்கிறவர்தான். "இண்டையில இருந்து நான் உங்களுக்காக இல்ல, எனக்காகத்தான் இருக்கிறன்" எண்டு அப்பாவுக்கு விளங்குற மாதிரி வெளிப்படையா ஒண்டு செய்த நாளில இருந்துதான் கணக்கே தொடங்கும். மனசுக்குள்ள நினைச்சது காணாது. 1903லயே நகுதா மரிக்கார் வழக்கில பிரிவி கவுன்சில், அந்தக் காலத்தில எங்களுக்குக் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்தப் பக்கம்தான் நிண்டது, இண்டைக்கும் புதுக்கடைக் கோட்டில அந்த வழக்கைத் தூக்கிக்கொண்டு வாதாடுகினம். போதாததுக்கு சாட்சியச் சட்டத்தின்ர 116ஆம் பிரிவு இருக்கு, ஒருத்தற்ற அனுமதியில காணிக்குள்ள வந்தவர், அனுமதி குடுத்தவருக்கு அந்த நேரம் உரித்து இருக்கேல்ல எண்டு பிறகு சொல்ல ஏலாது.

சோலை வரி ரசீது சாட்சிதான், இல்லை எண்டு சொல்லேல்ல, ஆனா அதை மட்டும் வச்சு வீட்டை எழுதிக் குடுக்க ஒரு நீதிபதியும் இல்ல, வாடகைக்கு இருக்கிறவையும் எத்தினையோ பேர் வரி கட்டுகினம் தானே. கரண்ட் பில் அதைவிடக் கீழ.

இனி முக்கியமான விசயம். உங்கட அம்மான்ர போனை வாங்கிப் பாருங்கோ, வாட்ஸ்அப்பில சித்தப்பா இவ்வளவு வருஷத்தில ஒருக்காவாவது "அண்ணி, பின்பக்கக் கூரை ஒழுகுது, ஆள் பிடிச்சுச் செய்யட்டோ, காசு அனுப்புவியளோ" எண்டு கேட்டிருக்க மாட்டாரோ? "உங்கட மதிலைப் பக்கத்து வீட்டுக்காரன் உடைக்கிறான்" எண்டு? அந்த ஒரு மெசேஜ் பத்து வரி ரசீதை அடிச்சுப்போடும், ஏனெண்டா வீடு தன்ர இல்ல எண்டு அவர் தன்ர கையால எழுதினது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிட்டு போனைக் குடுத்துப் புதுசு மாத்தாதேங்கோ, அந்தப் போன் வேணும். நீங்கள் காசு அனுப்பின பேங்க் ஸ்லிப்பும் வேணும்.

இன்னொண்டு, அவற்ற காலம் ஓடத் தொடங்கின நேரம் அப்பா கடல் கடந்து இருந்திருந்தா காலவிதிப்புச் சட்டத்தின்ர 13ஆம் பிரிவு அப்பாவுக்குக் கை குடுக்கும், ஆனா அதுக்கும் முப்பது வருஷம்தான் எல்லை. நிம்மதியாப் படுத்து நித்திரை கொள்ளுற அளவுக்குப் பெரிய பாதுகாப்பு இல்ல.

செய்ய வேண்டியது என்ன எண்டா, அப்பா அங்கயிருந்து பவர் ஒஃப் அற்றோணி முறையா அனுப்பட்டும், இங்க ஒரு லோயர் மூலம் அனுமதியை முடிக்கிறம், இத்தினையாம் திகதிக்குள்ள எழும்புங்கோ எண்டு கடிதம் போகட்டும், எழும்பாட்டி கல்கிசை மாவட்ட நீதிமன்றம். அதுக்கு முதல் காணிப் பதிவகத்தில ஃபோலியோவை, அதாவது உங்கட காணியின்ர பதிவுப் பக்கத்தை, எடுத்துப் பாருங்கோ, சித்தப்பா களவா ஒரு பிரகடன உறுதி முடிச்சுப் பதிஞ்சிருக்கிறாரோ எண்டு. தானே தனக்கு எழுதுற அந்த உறுதியால உரித்து வராது, ஆனா அதைக் காட்டி வெளி ஆளுக்கு வித்தா தலையிடி பத்து மடங்கு. கேவியட் ஒண்டு போட்டு வைக்கலாம், பிறகு அந்தக் காணியில எதாவது பதிய வந்தா உங்களுக்கு அறிவிப்பு வரும். ஆள் பிடிச்சு சித்தப்பான்ர சாமானை வெளியில எறியிற ஐடியா யாராவது தந்தா கேக்காதேங்கோ, பிறகு கூண்டில நிக்கிறது நீங்கள்தான்.

கேள்வி: அண்ணே, அம்மா அப்பா ரெண்டு பேரும் மரணசாதனம் எழுதாம போயிட்டாங்க. நாங்க நாலு பேர். கொட்டாஞ்சேனை வீட்டுல மூத்தவர் மட்டும் 1998ல இருந்து இருக்கார், மாடி கூட கட்டிட்டார். இப்ப பங்கு கேட்டா "இத்தனை வருஷம் எங்க போனீங்க" என்டு கேக்குறார். எங்களுக்கு ஒண்டும் இல்லையா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இருக்கு தம்பி. கூட்டுச் சொந்தக்காரர் ஒருத்தர் இருக்கிறது சட்டத்தின்ர கண்ணில எல்லாருக்காகவும் இருக்கிறதுதான். 1911ல கொரெயா எதிர் இசேரிஸ் அப்புஹாமி எண்ட வழக்கும் இப்பிடித்தான், சகோதரன் செத்த பிறகு இன்னொரு சகோதரன் தனிய வந்து குந்தி, மற்றவையின்ர பங்கை வெளி ஆள் ஒருத்தர் வாங்கி வழக்குப் போட்டவர். மற்றவையை வெளியேத்தின மாதிரி ஒரு செயல் இல்லாட்டி காலம் ஓடாது எண்டு பிரிவி கவுன்சில் சொன்னது. அண்ணாவுக்கு இதால வெறும் இருப்பு காணாது.

ஆனா நான் உங்களுக்குச் சக்கரை மட்டும் தரமாட்டன். 1918ல தில்லகரட்ன எதிர் பஸ்தியன் வழக்கில நீதிமன்றம் மற்றப் பக்கக் கதவையும் கொஞ்சம் திறந்து விட்டது, கனகாலம் தனிய இருந்து சூழ்நிலையும் அப்பிடி இருந்தா வெளியேத்தினதா ஊகிக்கலாம் எண்டு. அண்ணா மாடி கட்டேக்க நீங்கள் ஒருத்தரும் வாய் திறக்கேல்லயோ? கீழ் வீட்டை வாடகைக்கு விட்டுக் காசை முழுசாத் தானே எடுத்தவரோ, இல்லாட்டிப் பொங்கலுக்கு உங்களுக்கும் ஒரு பங்கு அனுப்பினவரோ? அனுப்பினவர் எண்டா நல்லம், பேங்க் புத்தகத்தைத் தேடுங்கோ. இதுக்கு எல்லாத்துக்கும் முடிவு 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின் கீழ வழக்கு. வருஷக்கணக்கா இழுபடும், பேர்ச் கணக்கில சின்னக் காணி எண்டா பிரிக்க ஏலாம ஏலத்துக்கும் போகும், மாடிக்கு அண்ணா நட்டஈடு கேப்பார். அதால சித்திரைக்கு எல்லாரும் ஒண்டு சேரேக்க சாப்பாட்டுக்கு முதல் கதைச்சுப் பாருங்கோ, சாப்பிட்ட பிறகு இல்ல.

கேள்வி: மகளின்ர பிரசவத்துக்குச் சிங்கப்பூர் போயிட்டு மூண்டு கிழமையால வந்தா பம்பலப்பிட்டி வீட்டில வேற பூட்டு, உள்ளுக்க ஆக்கள். வேலி வழக்கு இருக்கிற பக்கத்து வீட்டுக்காரர் ஏத்தி விட்டது. பொலிஸ் "சிவில் மேட்டர்" எண்டு திருப்பி அனுப்புது.
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: ஐயா, இதை வாசிச்சவுடன ஒரு லோயரிட்டப் போங்கோ. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்றச் சட்டத்தில 66ஆம் பிரிவு இருக்கு, அமைதிக் குலைவு வரக்கூடிய காணிப் பிணக்கு எண்டா பொலிஸும் வழக்குத் தாக்கல் செய்யலாம், பொலிஸ் செய்யாட்டி நீங்களே சத்தியக்கடதாசியோட போகலாம். அங்க உறுதி யாருக்கு எண்டு பாக்கிறேல்ல, ஆர் இருந்தது எண்டுதான் பாக்கிறது. பலாத்காரமா வெளியேத்தினது வழக்குத் தாக்கல் செய்யிற நாளுக்கு முந்தின இரண்டு மாசத்துக்குள்ள எண்டா உங்களைத் திரும்ப உள்ளுக்க விடுவினம். மூண்டு கிழமை போயிட்டுது, மிச்சத்தைப் பொலிஸ் ஸ்டேஷன் வாசலில செலவழிக்காதேங்கோ. அந்த இரண்டு மாசம் தப்பினா ஒரு வருஷத்துக்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில ஆட்சி மீட்பு வழக்குப் போடலாம், அதுவும் தப்பினா உறுதியை முழுசா நிரூபிச்சுக்கொண்டு நீண்ட வழிதான்.

கேள்வி: கால்வாய்க் கரையில 25 வருஷமா இருக்கிறம், அரசாங்கக் காணி. பத்து வருஷச் சட்டம் எங்களுக்கும் வருமா?
– வாசகி, தெமட்டகொட

பதில்: வராது அக்கா. அந்தச் சட்டம் அரசாங்கத்தின்ர உரிமையைத் தொடாது எண்டு 15ஆம் பிரிவு சொல்லுது. வெளியேற நோட்டீஸ் வந்தா 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி (ஆட்சி மீட்பு) சட்டப்படி மஜிஸ்ட்ரேட் கேக்கிறது செல்லுபடியாகிற அனுமதிப்பத்திரம் இருக்கோ எண்டுதான். எத்தினை வருஷம் எண்டு இல்ல. அதால பிரதேச செயலகத்தில அனுமதிப்பத்திரத்துக்கோ மாற்று வீட்டுக்கோ இப்பவே எழுத்தில விண்ணப்பியுங்கோ, வாக்காளர் பதிவு, பிள்ளையளின்ர பள்ளிக்கூடக் கடிதம் எல்லாத்தையும் அதோட இணையுங்கோ, குடுத்த விண்ணப்பத்தின்ர கொப்பியில திகதி முத்திரை வாங்காம கவுண்டரை விட்டு வராதேங்கோ.