கோதுமையை நிறுத்தியபின் எடுத்த பரிசோதனை

கேள்வி: எனக்கு 34 வயது. இரண்டு வருடமாக வயிற்று உப்புசம், அடிக்கடி வயிற்றுப்போக்கு. மாத்திரை போட்டும் இரத்தசோகை தீரவில்லை. 5 மாதம் முன்பு நானாகவே கோதுமையை விட்டேன். பாதி சரியானது. போன மாதம் சீலியாக் நோய்க்கு இரத்தப் பரிசோதனை எடுத்ததில் ‘இல்லை’ என்று வந்தது. ஆனால் பால் குடித்தால் இன்னும் வயிறு பொருமுகிறது. மாவுச்சத்து, சர்க்கரை எதுவுமே எனக்குச் செரிக்காதோ? எல்லாவற்றையும் நிறுத்திவிடட்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வேண்டாம் அம்மா, இப்போதைக்கு வேறு எதையும் நிறுத்தாதீர்கள். ‘இல்லை’ என்று வந்த அந்த அறிக்கையையும் நம்பிவிடாதீர்கள்.

சீலியாக் என்பது செரிமானக் கோளாறு மட்டுமல்ல. கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலுக்குள் போனதும், உடலின் எதிர்ப்பு சக்தி சொந்தக் குடலையே தாக்குகிறது. அந்தத் தாக்குதலின் தடயத்தைத்தான் இரத்தத்தில் தேடுகிறோம். கோதுமையை நிறுத்தினால் தாக்குதல் அடங்கும், தடயமும் மறையும். 5 மாதம் கழித்துத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தொழிலின் தொடக்கத்தில் இப்படியே ஒரு பெண் அறிக்கையோடு வந்தார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காமலே ‘உங்களுக்குச் சீலியாக் இல்லை’ என்று அனுப்பிவிட்டேன். அவர் நிம்மதியாக மறுபடி கோதுமை சாப்பிட்டார். மூன்று வருடம் கழித்து, எலும்பு தேய்ந்து திரும்பி வந்தார். அன்றிலிருந்து என் முதல் கேள்வியே அதுதான்.

பாலுக்கு வருகிறேன். சிறுகுடலின் உட்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் நுனியில்தான் பால்சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதி சுரக்கிறது. சீலியாக் அந்த நுனியைத்தான் முதலில் அரிக்கிறது. உடைபடாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய், அங்கே நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைக்க, வாயு சேர்கிறது. குடல் ஆறினால் பல பேருக்குப் பால் மறுபடி ஒத்துக்கொள்ளும். சீலியாக் இல்லாமலே லாக்டேஸ் குறைந்தவர்களும் ஏராளம். கோதுமையிலேயே ஃப்ரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் கோதுமையை விட்டால் சுகம் தெரியும். அதனால்தான் சுகம் தெரிந்ததை மட்டும் வைத்து நோயை முடிவுசெய்ய முடியாது.

உங்கள் சந்தேகம் மருத்துவர்களுக்கே இருந்ததுதான். 1924-இல் சிட்னி ஹாஸ் என்ற அமெரிக்க மருத்துவர், சீலியாக் குழந்தைகளுக்கு ரொட்டி முதலிய மாவுப் பண்டங்களை விலக்கி, வாழைப்பழத்தை முக்கிய உணவாகக் கொடுத்தார். குழந்தைகள் தேறினார்கள். ஆனால் குற்றவாளி மாவுச்சத்து அல்ல. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெ, 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காதபோது இந்தக் குழந்தைகள் தேறியதையும், ரொட்டி திரும்பியதும் சரிந்ததையும் கண்டார். பிறகு அவரும் சகாக்களும் செய்த ஆய்வில் கோதுமையின் புரதமே பிடிபட்டது.

குடல் மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். அவர் மேற்பார்வையில் குறைந்தது 6 வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை சாப்பிட்டுவிட்டு, அந்தத் தடயத்தைத் தேடும் டிடிஜி-ஐஜிஏ இரத்தப் பரிசோதனை எடுங்கள். கூடவே ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதத்தின் மொத்த அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அது பிறவியிலேயே மிகக் குறைவாக இருந்தால் டிடிஜி-ஐஜிஏ பரிசோதனை பொய்யாக ‘இல்லை’ என்று காட்டக்கூடும். தேவைப்பட்டால் எண்டோஸ்கோபியில் குடல் திசு எடுத்துப் பார்ப்பார்கள். கோதுமையைத் தொடவே முடியாத அளவுக்கு உபாதை என்றால், எச்எல்ஏ மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். அதற்குக் கோதுமை சாப்பிட வேண்டியதில்லை. அதில் தேடும் டிக்யூ2, டிக்யூ8 என்ற மரபணு வகைகள் இரண்டுமே இல்லையென்றால் சீலியாக் இருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. அவை இருப்பதாலேயே நோய் உறுதி என்று ஆகிவிடாது.

பாலை மட்டும் அதுவரை குறைத்துக்கொள்ளுங்கள். தயிர் ஒத்துக்கொண்டால் தாராளமாகச் சாப்பிடலாம்.